கூடையில் இறங்கிய ஐயா

சிவசம்பு பேச்சுக்காரர் அல்ல. ரயில்வேயில் அவருக்கு வாய்த்திருந்த உத்தியோகத்துக்குப் பேச்சு தேவைப்படவும் இல்லை. கூட்ஸ் வண்டிகளில் எந்தச் சரக்கு எந்த ஸ்டேஷனுக்குப் போகிறது என்று எழுதி வைக்கும் கிராணி வேலை. காலையில் கோட்டு போட்டுக்கொண்டு, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே கொடுத்த குவார்ட்டர்ஸை விட்டுப் புறப்படுவார்; மாலையில் அதே கோட்டோடு திரும்பி வருவார்; மனைவி தங்கரத்தினம் வைத்த சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, "நல்லாயிருந்தது" என்று ஒரு சொல் சொல்லிவிட்டுப் படுப்பார். யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறி வந்த நாளிலிருந்து அவருடைய வாழ்க்கை தண்டவாளத்தில் போன வண்டி மாதிரி நேராகத்தான் போனது.

முப்பதுகளின் தொடக்கத்தில் ரப்பரும் ஈயமும் விலை விழுந்தபோது அந்த வண்டி கவிழ்ந்தது. தோட்டங்களிலிருந்து ஆட்களைக் கூட்டங்கூட்டமாக நாகப்பட்டினத்துக்குக் கப்பலேற்றினார்கள். ரயில்வேயிலும் ஆட்குறைப்பு வந்தது. சிவசம்புவின் பெயரும் அதில் இருந்தது. உத்தியோகம் போனால் குவார்ட்டர்ஸும் போகும். ஸ்காட் ரோட்டில் ஒரு வீட்டின் பின்கட்டில் இரண்டு அறை எடுத்துக்கொண்டு குடிபோனார்கள்.

கந்தசாமி கோயிலுக்குப் போகும் வழியில் ஆட்கள் எதிர்ப்பட்டால் தங்கரத்தினம் முந்தானையைச் சரிசெய்வதுபோலத் தலையைக் குனிந்துகொள்வாள். "உவர் இப்ப என்ன செய்யிறார்?" என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம். கேட்டால் சொல்வதற்கு அவளிடம் பதில் இல்லை.

கொஞ்ச நாளில் பதில் கிடைத்தது. ஆனால் அது இல்லாமலே இருந்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. சிவசம்பு இன்சூரன்ஸ் ஏஜெண்டாகிவிட்டார்.

வேலையில் அடிபட்ட கூலிக்கு முதலாளி நஷ்ட ஈடு கொடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் வந்திருந்த நேரம் அது. பெரிய தோட்டங்களுக்கும் சுரங்கங்களுக்கும் அது பெரிய சங்கதி இல்லை. வீடு கட்டுகிற, கூரை வேய்கிற, கிணறு தோண்டுகிற சின்னக் குத்தகைக்காரர்களுக்குத்தான் ஆபத்து. ஒருவன் சாரத்திலிருந்து விழுந்தால் போதும், அவனோடு சேர்ந்து குத்தகைக்காரரும் விழுந்துவிடுவார். அப்படிப்பட்டவர்கள் வருடத்துக்கு ஒருமுறை ஒரு தொகை கட்டிவைத்தால், விபத்து நேரும்போது கொடுக்கவேண்டியதைக் கம்பெனி கொடுத்துவிடும். கோலாலம்பூரில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனி இதற்கென்று தமிழ் தெரிந்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தது. சிவசம்புவுக்குத் தமிழும் தெரியும், இங்கிலீசும் தெரியும். பேசத்தான் தெரியாது. அதைக் கம்பெனி கேட்கவில்லை.

கம்பெனித் துரை சொல்லிக்கொடுத்த வாசகங்களை மனப்பாடம் செய்துகொண்டு குடையும் தொப்பியுமாகப் புறப்பட்டார். முதலில் போனது பங்சார் பக்கம் ஓடு வேய்கிற ஒருவரிடம். அன்று அங்கே உத்தரம் ஏற்றும் நாள். வாழைமரம் கட்டி, தேங்காய் உடைத்து, எல்லாரும் சந்தனம் பூசிக்கொண்டு சந்தோஷமாக நிற்கிறார்கள். சிவசம்பு நடுவில் போய் நின்று, "உங்கட கூரையிலையிருந்து ஒருத்தன் விழுந்து செத்துப்போனால்..." என்று ஆரம்பித்தார்.

அதற்குமேல் அவரை யாரும் பேச விடவில்லை. ஓடு வேய்கிறவரின் மனைவி அவர் நின்ற இடத்தில் மஞ்சள் தண்ணீர் தெளித்தாள்.

செய்தி அவரைவிட வேகமாகப் போனது. பிரிக்பீல்ட்ஸ் முழுக்க அவருக்கு 'எமன் ஏஜெண்டு' என்று பெயர் விழுந்தது. அவர் குடை தெருமுனையில் தெரிந்தால், "அடேய், வராருடா!" என்று கொத்தனார்கள் பின்பக்கமாக நழுவுவார்கள். கல்யாண வீட்டுக்குப் போனால் மணமகனின் தாய்மாமன் ஓடி வந்து கையைப் பிடித்து, "ஐயா, இன்னைக்கு மட்டும் வாயத் தொறக்காதீங்க, ஒங்களுக்குப் புண்ணியமா போவும்," என்று கெஞ்சுவார். வாயைத் திறக்காமல் இருப்பது சிவசம்புவுக்குக் கஷ்டமில்லை. வயிற்றுப்பாடுதான் கஷ்டமாக இருந்தது.

"கிள்ளானிலை ஒரு மேஸ்திரி ரெண்டு மாடிக் கடை கட்டுறாராம். பெரிய வேலையாம்," என்றார் ஒருநாள் சாப்பிடும்போது.

"அவரும் ஓடத்தான் போறார்," என்றாள் தங்கரத்தினம். ஆனாலும் கோட்டை உதறி மாட்டிவைத்தாள்.

அந்த மேஸ்திரியின் பெயர் பக்கிரிசாமி. தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து கொத்துக்கரண்டியோடு வந்து, சொந்தக் குத்தகைக்காரராக உயர்ந்தவர். உருவமும் பெரிது, குரலும் பெரிது. கிள்ளான் ஆற்றுக்குப் பக்கத்தில் அவர் அதட்டினால் எதிர்க்கரையில் படகு கட்டுகிறவன் திரும்பிப் பார்ப்பான் என்பார்கள். எந்த வேலையைத் தொடங்கினாலும் முனியாண்டிக்கு ஒரு சேவல் அறுத்துவிடுவார். அதற்குமேல் ஒரு காவல் உண்டு என்று அவர் நம்பவில்லை.

சிவசம்பு கிள்ளானுக்கு ரயிலில் போனார். வேலையில் இருந்தபோது பாஸில் போனவர், இப்போது டிக்கெட் வாங்கினார். டிக்கெட் கொடுத்த பையன் பழைய மரியாதையில் எழுந்து நின்றது அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

அவர் போனபோது பக்கிரிசாமி கீழேதான் நின்றார். குடையைக் கண்டதும் சாரத்தில் ஏறிவிட்டார். சிவசம்பு வெயிலில் நின்று பார்த்துவிட்டுத் திரும்பினார். அடுத்த வாரம் போனார். அப்போதும் மேஸ்திரி மேலே. மூன்றாம் முறை போனபோது இரண்டாம் மாடி உயரத்தில், மூங்கில் சாரத்தின் உச்சித் தட்டில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்.

"மேஸ்திரி, கொஞ்சம் இறங்கி வாங்கோ!"

"வேலயா இருக்கேன் ஐயா! வேணும்னா நீங்க ஏறி வாங்க!"

சாரத்தில் நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். கலவை சுமந்துகொண்டிருந்த லெட்சுமி என்ற பெண்கூடச் சும்மாட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிவசம்புவுக்குக் காது சூடானது. என்ன நினைத்தாரோ, குடையையும் தொப்பியையும் செங்கல் குவியல்மேல் வைத்தார். கோட்டைக் கழற்றவில்லை. ஏணியைப் பிடித்தார்.

முதல் தட்டுவரை கோபம் கொண்டுபோய் விட்டது. இரண்டாவது தட்டுக்கு வெட்கம் ஏற்றிவிட்டது. உச்சித் தட்டில் கால் வைத்தபோது கோபமும் வெட்கமும் கீழேயே நின்றுவிட்டன. பயம் மட்டும் கூட வந்திருந்தது. காலுக்குக் கீழே மூங்கில் அசைந்தது. இடுக்கு வழியாகத் தெரு தெரிந்தது. மாட்டு வண்டி ஒன்று தீப்பெட்டி அளவில் போனது. சிவசம்பு பக்கத்திலிருந்த கம்பத்தை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணை மூடினார்.

"என்னா ஐயா, வந்த விஷயத்தைச் சொல்லுங்க," என்றார் பக்கிரிசாமி, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி.

துரை சொல்லிக்கொடுத்த வாசகம் ஒன்றுகூட ஞாபகம் வரவில்லை. வாயில் வந்தது வேறு.

"மேஸ்திரி... உங்கட ஆக்கள் இதிலை நாள் முழுக்க நிக்கினமே! எப்பிடி நிக்கினம்? கையிலை செங்கலும் வைச்சுக்கொண்டு!"

பக்கிரிசாமி சுண்ணாம்பு விரலோடு அவரைப் பார்த்தார். இந்த மனுஷர் விற்க வந்தவர் போலவே இல்லை. கம்பத்தை விடாமல், உண்மையிலேயே கேட்கிறார்.

"பழக்கந்தான் ஐயா."

"பழகின ஆக்கள் விழமாட்டினமோ?"

மேஸ்திரி வெற்றிலையை மடித்தார், வாயில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார். "எம் மச்சான் ஒருத்தன் இருந்தான்," என்றார் பிறகு. "சுவட்டெனாம் துறைமுகத்துல கிட்டங்கி கட்டுறப்ப விழுந்தான். எங்களயெல்லாம்விட நல்லா ஏறுவான். அவன் பொண்டாட்டி புள்ளைங்களைக் கப்பலேத்தி ஊருக்கு அனுப்பத் தெருத்தெருவா துண்டு விரிச்சோம்." மடித்த வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். "அது கெடக்கட்டும். எறங்குங்க, கீழ போயிப் பேசுவோம்."

"என்னாலை இறங்க ஏலாது," என்றார் சிவசம்பு, கண்ணைத் திறக்காமல்.

பக்கிரிசாமி எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். கம்பத்தைவிட்டுக் கை வரவில்லை. கடைசியில் செங்கல் ஏற்றும் கப்பியில் பெரிய கூடையைக் கட்டி, அதில் சிவசம்புவைக் குந்தவைத்தார்கள். மேலிருந்து மேஸ்திரியே கயிறு விட்டார். "மெதுவா, மெதுவா! ஐயா ஒடஞ்சிட்டா கம்பெனிக்கு யாரு பதில் சொல்றது!" என்று தன் ஆட்களை அதட்டினார். கோட்டும் டையுமாக ஒரு கனவான் கூடையில் சுற்றிச் சுற்றி இறங்கிவருவதைப் பார்க்கப் பக்கத்துக் கோப்பிக் கடையிலிருந்த கூட்டம் முழுக்கத் தெருவுக்கு வந்துவிட்டது. சீனக் கடைக்காரர் கைதட்டினார்.

தரையைத் தொட்டதும் சிவசம்புவுக்கு என்ன ஆயிற்றோ, அவருக்கே சிரிப்பு வந்தது. முதலில் மெல்ல, பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு. தெருவும் அவரோடு சேர்ந்து சிரித்தது. பக்கிரிசாமி இறங்கி வந்து, அவர் தொப்பியைத் தட்டித் தலையில் வைத்துவிட்டு, "கொண்டாங்க, எங்க கையெழுத்துப் போடணும்?" என்றார்.

கூலிகளுக்கு அடிபட்டால் அதற்கொரு காப்பு. கட்டடத்தால் பக்கத்து வீட்டுக்கோ தெருவில் போகிறவனுக்கோ சேதம் வந்தால் அதற்கு இன்னொரு காப்பு. சிவசம்பு இரண்டையும் விளக்கினார்.

"எங்க ஆளுங்களுக்குப் போடுங்க, நியாயம். பக்கத்துக் கடைக்காரனுக்கு நா ஏன் கட்டணும்? அவன் என்னா எனக்கு மாமனா மச்சானா?" என்று இரண்டாவதைத் தள்ளிவிட்டார் பக்கிரிசாமி.

அன்று மாலை வீடு திரும்பிய சிவசம்பு, சோற்றில் கை வைப்பதற்கு முன்பே பேச ஆரம்பித்தார். மூங்கில் அசைந்தது, மாட்டு வண்டி தீப்பெட்டியானது, கூடை சுற்றியது எல்லாவற்றையும் சொன்னார். தங்கரத்தினம் கரண்டியைப் பிடித்தபடி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் இத்தனை சொற்களைச் சேர்த்துப் பேசி அவள் கேட்டதில்லை.

கட்டடம் வளர்ந்தது. கூரைக்கு இன்னும் கொஞ்சந்தான் பாக்கி என்றிருந்தபோது ஒரு மத்தியானம், ஆட்கள் சாப்பிட்டு ஓய்ந்திருந்த நேரம், ஆற்றுப் பக்கமிருந்து திடீரென்று காற்று கிளம்பியது. மழைக்கு முன்னால் வருகிற அந்தக் காற்றைக் கிள்ளான்காரர்கள் அறிவார்கள். தகரக் கூரைகளைப் பிய்த்துக்கொண்டு போகும். முந்தின நாள்தான் எழுப்பிய பக்கச்சுவர், கலவை சரியாக இறுகாமல் இருந்தது. காற்றின் ஒரே மோதலில் அதன் மேல்பாதி சாய்ந்தது. வெளிப்பக்கம் விழுந்த கற்கள் சீனரின் கோப்பிக் கடை அடுப்படியை நொறுக்கின. அடுப்படியில் அப்போது யாருமில்லை. பிஸ்கட் ஜாடிகள்தான் போயின. உள்பக்கம் விழுந்த கற்கள் சுவரோரம் படுத்திருந்த கன்னையாவின் காலில் விழுந்தன.

கன்னையா லெட்சுமியின் புருஷன். மேஸ்திரியின் ஆட்களில் நல்ல வேலைக்காரன். பொய் சொல்லத் தெரியாதவன் என்று பேர் வாங்கியவன். அதனால் அவனிடம் யாரும் ரகசியம் சொல்வதில்லை. லெட்சுமி கல்லை எல்லாம் தானே தூக்கி எறிந்துவிட்டு அவனை மடியில் போட்டுக்கொண்டாள். மேஸ்திரி அவனைத் தோளில் சுமந்து மழையில் ஓடி, ஒரு லோரியை நடுரோட்டில் மறித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். முழங்காலுக்குக் கீழே எலும்பு இரண்டு இடத்தில் முறிந்திருந்தது. உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் இனிமேல் சாரம் ஏற முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பக்கிரிசாமி சிவசம்புவுக்குத் தந்தி கொடுத்தார். சிவசம்பு கம்பெனிக்குச் சொன்னார். விசாரிக்க ஒரு துரையை அனுப்புவதாகச் சொன்னார்கள். துரைக்குத் தமிழ் தெரியாது. மொழிபெயர்க்க சிவசம்புதான் போகவேண்டும்.

கிள்ளான் ஸ்டேஷனில் துரையோடு இறங்கியபோதே பக்கிரிசாமி காத்திருந்தார். துரை முன்னால் நடக்க, அவர் சிவசம்புவின் காதுக்குள் குனிந்தார். அவர் ரகசியம் பேசுவதே அரைத் தெருவுக்குக் கேட்கும்.

"ஐயா, ஒரு சங்கடம். செவுரு விழுந்தப்ப அவன் வேல செய்யல. தூங்கிட்டு இருந்தான். அத இந்தப் பய தொரைகிட்டயும் சொல்லுவான். சொன்னா கம்பெனி கைய விரிச்சிடுமில்ல?"

"அப்பிடியும் சொல்லலாம்," என்றார் சிவசம்பு. வேலை நேரத்தில், வேலையின் காரணமாக நேர்ந்த விபத்துக்குத்தான் காப்பு. தூங்கியவனுக்கு உண்டா இல்லையா என்று அவருக்கே நிச்சயமில்லை.

"தொரைக்குத் தமிழு தெரியாதுல்ல?" என்றார் மேஸ்திரி. "அவன் தூங்குனேன்னு சொன்னா, நீங்க கல்லு தூக்குனேன்னு சொல்லிடுங்க. யாருக்குத் தெரியப் போவுது?"

சிவசம்பு நடையை எட்டிப்போட்டுத் துரைக்குப் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டார். ஆஸ்பத்திரி வார்டில் காலைத் தூக்கிக் கட்டியபடி கன்னையா படுத்திருந்தான். பக்கத்தில் லெட்சுமி நின்றாள். துரை நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். கடுமையான ஆளாகத் தெரியவில்லை, ஆனால் அவசரமில்லாத ஆள். சுவர் விழுந்தபோது என்ன செய்துகொண்டிருந்தாய் என்று கேட்டார். சிவசம்பு தமிழில் கேட்டார்.

பக்கிரிசாமி பலமாக இருமினார்.

"தூங்கிட்டு இருந்தேன் தொர," என்றான் கன்னையா. "நல்ல தூக்கம். காத்து வந்ததுகூடத் தெரியல."

துரை சிவசம்புவைப் பார்த்தார். லெட்சுமி சிவசம்புவைப் பார்த்தாள். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. ஒரு சொல்லை மாற்றினால் போதும், இந்தப் பெண்ணுக்கு ஒரு கவலை தீரும். ஆனால் கட்டிலில் கிடக்கிறவன் கால் ஒடிந்த நிலையிலும் பொய் சொல்லவில்லை. அவன் வாயில் இல்லாத பொய்யைத் தான் வைப்பதா? அப்படி வைத்த ஒன்று நாளைக்கு வெளியே வந்தால், இவன் மட்டுமா கெடுவான், இனி எந்தக் கூலி சொல்வதையும் கம்பெனி நம்பாது.

தூங்கிக்கொண்டிருந்தானாம் என்று இங்கிலீசில் சொன்னார்.

துரையின் பேனா நின்றது. தூங்குவதற்கு அந்த இடத்தை ஏன் தேர்ந்தெடுத்தான் என்று கேட்டார். சிவசம்பு கேட்டார்.

கன்னையா மேஸ்திரியைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "வேற எங்க போறது? பக்கத்துல கள்ளுக்கட இருக்கு. மத்தியானத்துல எவனாச்சும் வாச தாண்டி வெளிய போனா கால ஒடச்சிடுவேன்னு மேஸ்திரி சொல்லியிருக்காரு. அதான் உள்ளயே படுத்தேன். செவுரு ஒடச்சிடுச்சி."

சிவசம்பு மொழிபெயர்க்க வாயைத் திறந்தார். பாதியில் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கினார், முடியவில்லை. அடுத்த கட்டிலில் படுத்திருந்த ரவாங் ஊர்க்காரர் ஒருவர் முதலில் சிரித்தார், பிறகு வார்டே சிரித்தது. கன்னையாவும் சிரித்து, கால் வலித்து, "ஐயோ" என்றான். என்ன, என்ன என்று துரை பொறுமையிழந்து கேட்க, சிவசம்பு கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு சொல் விடாமல் சொன்னார். துரையின் மீசை அசைந்தது. பக்கிரிசாமி பக்கம் திரும்பி, இது உண்மையா என்று கேட்டார்.

அதுவரை வெளுத்துப்போய் நின்ற மேஸ்திரிக்கு உயிர் வந்தது. "சத்தியமாச் சொன்னேன் தொர! இவனுக்கு மட்டுமில்ல, எல்லாருக்கும் சொல்லியிருக்கேன். அந்தக் கள்ளுக்கடைய நம்பி எவனையும் வெளிய விடமுடியாது. மத்தியானச் சம்பளமும் குடுத்துத்தான் உள்ள வச்சிருக்கேன்!"

துரை எழுதியதை ஒருமுறை படித்துப் பார்த்தார். முதலாளி இருக்கச் சொன்ன இடத்தில், முதலாளி சம்பளம் கொடுத்த நேரத்தில், முதலாளி கட்டிய சுவர் விழுந்திருக்கிறது. அப்புறம் அவன் கண் திறந்திருந்தால் என்ன, மூடியிருந்தால் என்ன என்றார். எழுந்து கன்னையாவிடம் கை நீட்டினார். கன்னையா அந்தக் கையை என்ன செய்வதென்று தெரியாமல் இரண்டு கையாலும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

வார்டுக்கு வெளியே வந்ததும் பக்கிரிசாமி சிவசம்புவைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டார்.

கம்பெனி கொடுத்த நஷ்ட ஈட்டில் லெட்சுமி இரண்டு கறவை மாடு வாங்கினாள். கன்னையா ஒரு காலை இழுத்து இழுத்து நடந்து, கிள்ளான் முழுக்கப் பால் ஊற்றினான். பாலில் தண்ணீர் கலந்தாயா என்று கேட்டால், கலந்த நாளில் கலந்தேன் என்று சொல்லிவிடுவான் என்பதால், லெட்சுமி கலக்கவே விடவில்லை. அதனாலேயே வியாபாரம் பிடித்துக்கொண்டது.

கோப்பிக் கடை விஷயத்தில்தான் மேஸ்திரிக்கு நஷ்டம். பக்கத்துக் கடைக்கான காப்பை வேண்டாமென்றவர் அவர்தானே. தன் செலவில், தன் ஆட்களைக்கொண்டு, இடிந்த அடுப்படியைக் கட்டிக்கொடுத்தார். கட்டினவர் பக்கிரிசாமி அல்லவா, பழையதைவிடப் பெரிதாக, புகைபோக்கியோடு கட்டிவிட்டார். சீனக் கடைக்காரர், "தாப்பா, தாப்பா" என்று மலாயில் பரவாயில்லை சொல்லித் தோளில் தட்டி, மேஸ்திரிக்கு மட்டும் கோப்பியில் பால் கூடுதலாக ஊற்ற ஆரம்பித்தார். ஆனால் அடுத்த வருடம் சிவசம்பு வந்தபோது பக்கிரிசாமி முதலில் கேட்டது, "அந்தப் பக்கத்துக் கட சங்கதி இருக்குல்ல ஐயா, அதப் போடுங்க மொதல்ல," என்பதுதான்.

கூடையில் இறங்கியதும் வார்டில் நடந்ததும் பத்து தீகா, பெட்டாலிங் என்று ரயில்பாதை ஓரமாகவே பரவிப் பிரிக்பீல்ட்ஸுக்கு வந்து சேர்ந்தன. 'எமன் ஏஜெண்டு' என்ற பெயரை எல்லாரும் மறந்துவிட்டார்கள். 'கூடை ஐயா' என்ற பெயர் நிலைத்தது. குடையைக் கண்டு ஓடினவர்கள் இப்போது குடையைக் கண்டு கூப்பிட்டார்கள். வர்ணம் அடிக்கிறவர், தச்சர், லோரி வைத்து மணல் ஏற்றுகிறவர் எல்லாரும் வந்தார்கள். கேள்விகளும் வந்தன. சுங்கை பூலோவில் கிணறு தோண்டும் ராதாகிருஷ்ணன் என்பவர், கிணற்றுக்குள் முனி அடித்தால் கம்பெனி கொடுக்குமா என்று கேட்டார். சிவசம்பு அதையும் துரையிடம் கேட்டுச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். கேட்கவும் செய்தார். அடித்தது யாராயிருந்தாலும் அடிபட்டது வேலையிலென்றால் கொடுக்கலாம் என்று துரை சொன்னார். ராதாகிருஷ்ணன் அங்கேயே கையெழுத்துப் போட்டார்.

எல்லாமே நல்லபடியாகப் போனது என்றும் சொல்ல முடியாது. கோட்டு மடிப்பு கலையாத ஒரு பெரிய குத்தகைக்காரர், தன்னிடம் பாதி ஆட்கள்தான் வேலை செய்கிறார்கள் என்று எழுதச் சொன்னார். கட்டும் தொகை குறையும் என்பதற்காக. சிவசம்பு மறுத்தார். குத்தகைக்காரர் வேறு ஏஜெண்டைப் பார்த்துக்கொண்டார். அந்த மாதம் வீட்டில் மீன் வாங்கவில்லை.

பிறகு, ரப்பரும் ஈயமும் மறுபடி விலை ஏறி, ரயில்வேயிலும் பழைய ஆட்களைத் திரும்ப எடுக்கத் தொடங்கினார்கள். சிவசம்புவோடு அதே மேசையில் இருந்த தியாகராசா ஒரு ஞாயிற்றுக்கிழமை நேரே வீட்டுக்கு வந்தார்.

"ஐஸே, உமக்கு இடம் இருக்கு. தலைமைக் கிராணி உம்மடை பேரைத்தான் சொன்னவர். குவார்ட்டர்ஸும் கிடைக்கும். நாளைக்கே வந்து சொல்லும்," என்றார்.

தங்கரத்தினம் கோப்பிக் கோப்பையோடு கதவோரம் நின்றாள். சிவசம்புவுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிச்சல் வரவில்லை. குவார்ட்டர்ஸை விட்டு வந்த அன்று அவள் ஒரு சொல் சொல்லாமல் பாத்திரங்களைச் சாக்கில் கட்டியது அவர் கண்ணில் நின்றது. பென்ஷன், மரியாதை, கோயிலில் தலை நிமிர்ந்து போவது. இதையெல்லாம் வேண்டாமென்று சொல்ல அவருக்கு என்ன உரிமை?

தியாகராசா போனபிறகு, "இஞ்சாரும், நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்டார்.

அவள் கோப்பைகளை எடுத்துவைத்தாள்.

"றெயில்வேயிலை இருக்கேக்கை நீங்கள் வீட்டை வந்து என்ன கதைப்பியள்?"

"என்ன கதைக்கிறது? சாக்கு எங்கை போகுது, பெட்டி எங்கை போகுது. அதிலை கதைக்க என்ன இருக்கு?"

"அதுதான்," என்றாள் தங்கரத்தினம். "அந்தக் குவார்ட்டர்ஸிலை எனக்குச் சுவரோடைதான் கதை. இப்ப நீங்கள் வந்தால் எனக்குக் கிள்ளானும் தெரியும், சுங்கை பூலோவும் தெரியும். முனி அடிச்சால் காசு உண்டெண்டும் தெரியும்." சிரித்துவிட்டாள். "போனகிழமை கோயிலிலை ஒரு மனுசி கேட்டவ, உவர் என்ன செய்யிறார் எண்டு. நான் தலையைக் குனியேல்லை. கூடை ஐயாவின்ரை பெண்சாதி நான்தான் எண்டு சொன்னனான். அவ தன்ரை மகன் தச்சுவேலை செய்யிறானாம், உங்களை வரச்சொன்னவ."

சிவசம்பு எழுந்து, மாட்டிவைத்திருந்த கோட்டைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "பென்ஷன் இல்லையே," என்றார், கடைசியாக ஒருமுறை.

"எல்லாருக்கும் இன்சூரன்ஸ் விக்கிறியள். உங்களுக்கு ஒண்டு போடத் தெரியாதோ?"

அந்த யோசனை அவருக்கு ஒருநாளும் வந்ததே இல்லை.

தியாகராசாவுக்கு நன்றி சொல்லி ஒரு கடிதம் எழுதி அனுப்பினார். அதற்குப் பிறகும் பல வருடம் அவர் அந்த வேலையில் இருந்தார். குடை மூன்று மாறியது, கோட்டு ஒன்றுதான். உயரத்தைக் கண்டால் பயம் கடைசிவரை போகவில்லை. முதல் தட்டுக்குமேல் ஏறச் சொன்னால் கும்பிடு போட்டுவிடுவார். குத்தகைக்காரர்கள்தான் இறங்கி வருவார்கள். திருநாள் வந்தால் கிள்ளானிலிருந்து ஒரு சொம்பு பால் வரும். கன்னையாவே ரயிலில் கொண்டுவந்து கொடுத்து, கறவை எப்படி, கன்று எப்படி என்று உள்ளதை உள்ளபடி சொல்லிவிட்டுப் போவான்.

அதெல்லாம் பின்னால். தியாகராசா வந்துபோன மறுநாள் காலையில் சிவசம்பு ரவாங் போகவேண்டியிருந்தது. அங்கே வாசு என்ற தச்சர் ஈயக் கம்பெனிக்குக் கொட்டகை போடுகிறார். ஆட்கள் இன்னும் வேலைக்கு ஏறவில்லை, அதற்குள் ஐயா வந்தால் நல்லது என்று சொல்லியனுப்பியிருந்தார். தங்கரத்தினம் சோற்றுப் பொட்டலம் கட்டிக்கொடுத்து வாசல்வரை வந்தாள்.

"மேலை ஏறிப்போடாதேங்கோ!" என்றாள்.

சிவசம்பு சிரித்துக்கொண்டே குடையை விரித்தார். ரயிலுக்கு நேரமாகிவிட்டிருந்தது, ஸ்காட் ரோட்டில் கொஞ்சம் ஓட்டமும் நடையுமாகத்தான் போனார்.